அம்மா ஒன்று சொல்கிறார், டீச்சர் வேறு சொல்கிறார், பிள்ளை இல்லை என்கிறது: எதை வைத்து முடிவெடுப்பது?

பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மூன்று படிவங்கள் மேசைக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் எஸ்.டி.க்யூ. எனப்படும், பிள்ளையின் நடத்தையையும் மனநிலையையும் பற்றிக் கேட்கும் 25 கேள்விப் படிவம். அம்மா நிரப்பியதில் மொத்தம் 19, வகுப்பாசிரியர் நிரப்பியதில் 8, பையனே நிரப்பியதில் 14. பெற்றோர் படிவத்தில் 17-ஐத் தொட்டாலே உயர் வரம்பு. ஆசிரியர் படிவத்தில் 11 வரை இயல்பு, பிள்ளையின் படிவத்தில் 15 வரை இயல்பு. ஒருவர் கணக்கில் பிரச்சினை உண்டு, இருவர் கணக்கில் இல்லை.

இந்த இடத்தில் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் அதிகம் நடப்பவை இரண்டு. "அம்மா கொஞ்சம் பதற்றக்காரர்" என்று ஒரு படிவத்தை ஓரம் கட்டுவது ஒன்று. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து, 13.7, பயமில்லை என்று எழுதுவது இன்னொன்று. இரண்டிலும் கையில் இருந்த தகவல் வீணாகிறது. வேறு வழிகள் உண்டு. எந்த வழி பொருந்தும் என்பது எந்த முடிவுக்காகப் படிவம் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. படிவங்களைப் பிரித்துப் பார்க்கும் முன்பே அதை முடிவு செய்துவிட வேண்டும். பார்த்த பிறகு விதியைத் தேர்ந்தெடுத்தால், மனதுக்குப் பிடித்த பதிலுக்கு ஏற்ற விதியைத்தான் கை தேடும்.

முரண்பாடு எவ்வளவு இயல்பானது

அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஆக்கன்பாக்கும் அவருடைய சகாக்களும் 1987-ல் 119 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். ஒரே இடத்தில் பிள்ளையைப் பார்க்கும் இருவரின், அதாவது அப்பா அம்மா போன்றவர்களின், மதிப்பெண்களுக்கு இடையே ஒட்டுறவு எண் (முழுதும் ஒத்துப்போனால் 1, தொடர்பே இல்லாவிட்டால் 0) சராசரியாக 0.60. பெற்றோரும் ஆசிரியரும் போல வெவ்வேறு இடங்களில் பார்ப்பவர்கள் என்றால் 0.28. பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதற்கும் மற்றவர்கள் சொல்வதற்கும் 0.22. டி லோஸ் ரெயெஸ் குழு 2015-ல் 341 ஆய்வுகளைத் தொகுத்தபோது ஒட்டுமொத்த எண் மறுபடி 0.28 என்றே வந்தது. இடைப்பட்ட காலத்தில் படிவங்கள் எவ்வளவோ மெருகேறின, எண் அசையவில்லை. படிவத்தைத் திருத்தினால் சரியாகிவிடும் கோளாறு இது இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

0.28-ஐ வர்க்கப்படுத்தினால் ஏறக்குறைய 0.08. பெற்றோர் போட்ட மதிப்பெண்ணை வைத்து ஆசிரியர் மதிப்பெண்களின் ஏற்றத்தாழ்வில் நூற்றுக்கு எட்டுப் பங்கைத்தான் விளக்க முடியும். ஆகவே அம்மாவும் டீச்சரும் ஒத்துப்போகாவிட்டால் அது செய்தியே இல்லை. ஒத்துப்போனால்தான் செய்தி.

அடிதடி, கத்தல், பொருளை உடைத்தல் போன்று வெளியே தெரியும் நடத்தைகளில் ஒற்றுமை சற்றே கூடுதல். பயம், சோர்வு, மனத்துக்குள் குமைதல் ஆகியவற்றில் குறைவு. வயது ஏற ஏறப் பிள்ளைகள் பெரியவர்களின் கண்ணுக்கு எட்டாத இடங்களில் அதிக நேரம் இருப்பதால், பதின்வயதில் இடைவெளி விரிகிறது.

ஏன் மாறுகிறது

முதல் காரணம், நடத்தையே இடத்துக்கு இடம் மாறுவது. "வீட்டில் புலி, வெளியில் எலி" என்று நம் ஊரில் சொல்வதை டி லோஸ் ரெயெஸ் குழு 2009-ல் ஆய்வுக்கூடத்தில் சோதித்தது. பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளை அம்மாவோடும், பிறகு முன்பின் தெரியாத பரிசோதகரோடும் விளையாட விட்டுக் கவனித்தார்கள். அம்மா மட்டும் புகார் சொன்ன குழந்தைகள் பெரும்பாலும் அம்மாவிடம்தான் முரண்டு பிடித்தார்கள். ஆசிரியர் மட்டும் புகார் சொன்னவர்கள் பரிசோதகரிடம். இருவரும் தாம் பார்த்ததைத்தான் சொல்லியிருந்தார்கள்.

இரண்டாவது காரணம் அளவுகோல். ஜான் வைஸ் குழு 1995-ல் தாய்லாந்து, அமெரிக்கப் பள்ளிகளை ஒப்பிட்டது. ஆசிரியர்களின் படிவப்படி தாய்லாந்துப் பிள்ளைகளுக்குத்தான் பிரச்சினை அதிகம். வகுப்பில் உட்கார்ந்து எண்ணிய பயிற்சி பெற்ற பார்வையாளர்களின் கணக்கில் அமெரிக்கப் பிள்ளைகளின் பிரச்சினை நடத்தைகள் ஏறத்தாழ இரு மடங்கு. பிள்ளைகள் அடக்கமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஆசிரியருக்குச் சின்ன அசைவும் பெரிதாகத் தெரியும். படிவத்தில் 'ஓரளவு உண்மை' என்ற பெட்டி எல்லோருக்கும் ஒரே அகலம் கிடையாது.

மூன்றாவது காரணமாகப் பலரும் நீட்டுவது தாயின் மனச்சோர்வு. சோர்வில் இருக்கும் அம்மா பிள்ளையை மிகைப்படுத்திக் கறுப்பாகக் காட்டுவார் என்பது ஒரு பழைய நம்பிக்கை. ஜான் ரிக்டர்ஸ் 1992-ல் 22 ஆய்வுகளை அலசி, அந்த முடிவுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று காட்டினார். சோர்வுள்ள தாயின் பிள்ளைக்கு உண்மையிலேயே பிரச்சினை இருக்கும் வாய்ப்பும் கூடுதல் என்பதை மறந்துவிட்டுப் பேசும் பேச்சு அது. பிற்கால ஆய்வுகளில் சிறிதளவு சாய்வு தென்படுகிறது. அதற்காகப் படிவத்தையே ஒதுக்கித் தள்ளும் அளவுக்கு இல்லை.

'யாராவது ஒருவர்' விதியும் 'இருவரும்' விதியும்

தேர்வுகளில் மிக எளியவை இவை. யாராவது ஒருவர் வரம்பைத் தாண்டிச் சொன்னால் பிரச்சினை உண்டு என்று எடுப்பது முதலாவது. இருவரும் சொன்னால்தான் என்பது இரண்டாவது. கேட்க நுணுக்க வேறுபாடு போலத் தோன்றும். கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கும்.

1000 பிள்ளைகள் உள்ள பள்ளியில் பெற்றோர் படிவத்தில் மேல்தட்டு 10 சதவீதம், ஆசிரியர் படிவத்தில் மேல்தட்டு 10 சதவீதம் என்று வரம்பு வைப்போம். ஆளுக்கு 100 பிள்ளைகள். இரு மதிப்பெண்களும் மணிவடிவப் பரவலில் இருந்து, ஒட்டுறவு 0.28 என்றால், இரு பட்டியலிலும் இடம்பெறுவோர் ஏறக்குறைய 20 பேர்தான். 'இருவரும்' விதியில் 20 பிள்ளைகள். 'யாராவது ஒருவர்' விதியில் 180. அதே பள்ளி, அதே படிவங்கள், அதே நாள். ஒரு மாவட்டத்தில் பிரச்சினை ஒன்பது மடங்கு அதிகம் என்று அறிக்கை வந்தால், பிள்ளைகளைப் பார்க்கும் முன் விதியைப் பாருங்கள்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமில்லை. 1960-களில் இங்கிலாந்தின் வைட் தீவில் மைக்கேல் ரட்டர் குழு 10, 11 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, பெற்றோர் படிவமும் ஆசிரியர் படிவமும் பெரும்பாலும் வெவ்வேறு பிள்ளைகளைத்தான் பொறுக்கி எடுத்தன.

சலித்தெடுக்கும் கட்டத்தில், அதாவது அடுத்து நேரில் பேசிப் பார்க்கப் போகிறோம் என்ற நிலையில், 'யாராவது ஒருவர்' விதியே மேல். தவறவிட்ட பிள்ளை திரும்பக் கிடைப்பது கடினம். தவறாகச் சேர்த்த பிள்ளைக்கு அரை மணி நேரப் பேச்சுதான் செலவு. ஆனால் அந்த அரை மணி நேரத்தைக் கொடுக்க ஆள் வேண்டும். ஒரே ஆலோசகர் இருக்கும் பள்ளியில் 180 பிள்ளைகளின் பட்டியல் என்றால் அது அலமாரிக்குத்தான் போகும். அப்போது வரம்பை ஏற்றுங்கள். விதியை 'இருவரும்' என்று மாற்றாதீர்கள். மாற்றினால் முதலில் விழுவது அமைதியான, உள்ளுக்குள் வாடும் பிள்ளைகள்தான். அவர்களைப் பற்றி இருவர் ஒரே குரலில் சொல்வது அபூர்வம்.

பல தரப்பையும் கேட்பதால் எவ்வளவு லாபம் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. எஸ்.டி.க்யூ.வை உருவாக்கிய ராபர்ட் குட்மன் குழு 1999 பிரிட்டிஷ் கணக்கெடுப்பின் 7984 பிள்ளைகளிடம் சோதித்தது. பெற்றோர், ஆசிரியர், வளர்ந்த பிள்ளைகள் என எல்லாப் படிவங்களையும் சேர்த்துப் படித்தால், மனநலக் கோளாறு உள்ளவர்களில் 63.3 சதவீதம் பேர் பிடிபட்டார்கள். இல்லாதவர்களில் 94.6 சதவீதம் பேர் சரியாக விலக்கப்பட்டார்கள். ஒருவர் படிவம் மட்டும் என்றால் பிடிபடுவோர் எண்ணிக்கை நன்றாகவே இறங்கியது. 1000 பேரில் 100 பேருக்குக் கோளாறு என்று கொண்டால், மூன்று படிவங்களையும் சேர்த்தே 63 பேர் கிடைப்பார்கள், 37 பேர் தப்புவார்கள், கோளாறு இல்லாத 49 பேர் கூடவே வருவார்கள். குறிப்பிட்ட ஒன்றைக் கண்டு பயப்படுதல், பிரிவுப் பதற்றம், உணவுக் கோளாறு ஆகியவற்றில் பாதிக்கும் குறைவாகத்தான் பிடிபட்டது. படிவத்தில் இயல்பு என்று வந்துவிட்டது என்பதற்காகச் சாப்பிட மறுக்கும் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது.

'இருவரும்' விதிக்கும் இடம் உண்டு: ஏ.டி.எச்.டி. (கவனச்சிதறலும் மிகைத் துறுதுறுப்பும் கொண்ட கோளாறு) என்று பெயர் சூட்டும்போது. 2013-ல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநோய் வரையறை நூலின் விதிப்படி இரண்டு இடங்களிலாவது அறிகுறிகள் தெரிய வேண்டும், 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். இங்கே அடிக்கடி நேரும் பிழை, இரு படிவங்களிலும் வரம்பு தாண்ட வேண்டும் என்று படிப்பது. ஒன்பதில் ஆறு அறிகுறி என்ற வரம்பை இரண்டு இடங்களிலும் தனித்தனியே தொட வேண்டியதில்லை. இரண்டாவது இடத்தில் 'பல அறிகுறிகள்' இருந்தால் போதும். எதிர்த் திசையிலும் ஒரு பொறி இருக்கிறது: வீட்டில் 4, பள்ளியில் வேறு 3, ஆக 7 என்று கூட்டிவிடுவது. எந்த இடத்திலும் ஆறு தொடாத பிள்ளை காகிதத்தில் ஏழு தொட்டுவிடும். ஏ.டி.எச்.டி.க்கான வாண்டர்பில்ட் படிவத்தில், 0 முதல் 3 வரையான அளவில் 2 அல்லது 3 என்று குறித்தவை மட்டுமே அறிகுறியாக எண்ணப்படும். இரு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கேள்வியாகப் பாருங்கள், மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள்.

எதிர்த்துப் பேசுவதும் சொல்பேச்சு மீறுவதும் விடாமல் தொடரும் எதிர்ப்பு முரண்டுக் கோளாறுக்கு இந்த இரண்டிட நிபந்தனை கிடையாது. ஓரிடத்தில் மட்டும் என்றால் லேசானது, இரண்டில் மிதமானது, மூன்றிலோ அதற்கு மேலோ தீவிரமானது என்று தீவிரத்தைத்தான் அளக்கிறார்கள். வீட்டில் மட்டும் எகிறும் பிள்ளைக்கு "பள்ளியில் நன்றாக இருக்கிறான், ஒன்றுமில்லை" என்று பதில் சொல்வது அந்த விதிப்படியே தவறு.

சராசரி

ஆய்வாளர்களுக்குச் சராசரி சில சமயம் வசதி. தனிப் பிள்ளைக்கு அது உதவாது. பெற்றோர் படிவத்தின் 15-ம் ஆசிரியர் படிவத்தின் 15-ம் ஒன்றில்லை. வரம்புகள் வேறு, கால அளவும் சில படிவங்களில் வேறு. மேலே சொன்ன ஆக்கன்பாக் உருவாக்கிய படிவங்களில், பெற்றோர் படிவம் கடந்த ஆறு மாதத்தைக் கேட்கிறது, ஆசிரியர் படிவம் கடந்த இரண்டு மாதத்தை. கூட்டியே ஆக வேண்டும் என்றால், ஒவ்வொன்றையும் அதனதன் வயது, பாலின அட்டவணைப்படி மாற்றிய பிறகு கூட்டுங்கள். அப்போதும், வீட்டில் மட்டும் கடுமையாக இருப்பவனும் எங்கும் மிதமாக இருப்பவனும் ஒரே எண்ணில் வந்து நிற்பார்கள். இருவருக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

பிரச்சினைக்கேற்ற ஆள்

அடுத்த தேர்வு, எதைப் பற்றி யாரை முதலில் நம்புவது என்று பிரித்துக்கொள்வது. துறுதுறுப்பும் கவனச்சிதறலும் என்றால் ஆசிரியரும் பெற்றோரும். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகள் தம் அறிகுறிகளைக் குறைத்தே சொல்கிறார்கள். "நான் நன்றாகத்தான் கவனிக்கிறேன்" என்று மனதார நம்பிச் சொல்வார்கள். ஒரே வயதுப் பிள்ளைகள் நாற்பது பேரை நாள்தோறும் பார்க்கும் ஆசிரியருக்கு ஒப்பிட ஆள் இருக்கிறது. ஒற்றைப் பிள்ளையின் பெற்றோருக்கு இல்லை. மறைவாகச் செய்யும் திருட்டு, பள்ளிக்கு மட்டம் போடுதல், புகை, குடி, கூடவே பயம், சோர்வு, தூக்கம் பிடிக்காமை என்றால் பதின்வயதுப் பிள்ளையே முதல் சாட்சி. பேச்சு, சினேகிதம், ஒதுக்கப்படுதல் ஆகியவற்றுக்கு இடைவேளையில் மைதானத்தில் நிற்கும் பி.டி. மாஸ்டர் வகுப்பாசிரியரைவிட அதிகம் சொல்வார்.

இந்த வழியில் வரும் கேடு, ஒருவர் மட்டும் போதும் என்று நிறுத்திவிடுவது. ஹெலினா கிரேமர் குழு 2003-ல் சொன்ன யோசனை இங்கே கைகொடுக்கும்: ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போதே கோணம் மாறுபடும்படி தேர்ந்தெடுங்கள். பிள்ளை, பெற்றோர், ஆசிரியர் என்ற மூவரில் தன்பார்வை, பிறர்பார்வை, வீடு, பள்ளி எல்லாம் வந்துவிடுகின்றன. இரண்டாவது படிவத்தை அப்பாவிடம் கொடுத்தால் புதிய இடம் எதுவும் கிடைக்காது. அதே வீட்டைத்தான் அவரும் பார்க்கிறார். அப்பாவும் அம்மாவும் வெகுவாக முரண்பட்டால் மட்டும் அது தனிச் செய்தி. வீட்டில் விதிகள் இரண்டாக ஓடுகின்றனவா, ஒருவர் வெளியூர் வேலையில் இருக்கிறாரா என்று கேட்க வேண்டும்.

வித்தியாசத்தையே படிப்பது

உழைப்பு அதிகம் கேட்கும் வழி இது. பலனும் இதில்தான் அதிகம் என்பது எங்கள் கருத்து. யார் சொல்வது சரி என்ற கேள்வியை விட்டுவிட்டு, மூவர் சொல்வதும் அவரவர் இடத்தில் சரி என்றால் இந்தப் பிள்ளையின் நாள் எப்படி இருக்கும் என்று கேட்கிறோம்.

பள்ளியில் மட்டும் பிரச்சினை என்றால் முதலில் படிப்பைச் சோதியுங்கள்: வாசிப்பு, எழுத்து, கணக்கு, காது, கண். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளை தமிழ் வகுப்பில் எழுந்து நடமாடும், ஓவிய வகுப்பில் அசையாமல் உட்காரும். வீட்டில் கலகலவெனப் பேசி வகுப்பில் ஒரு மாதத்துக்கு மேல் வாயே திறக்காத பிள்ளையைத் திமிர் என்று எழுதிவிடாதீர்கள். இடம் சார்ந்த பேசாமை என்ற பதற்றக் கோளாறாக இருக்கலாம். புதுப் பள்ளியின் முதல் மாதத்தை அதில் எண்ணக் கூடாது.

வீட்டில் மட்டும் என்றால் நேரத்தைக் கேளுங்கள். மாலை நான்கு முதல் ஆறு வரையா, வீட்டுப்பாடத்தின்போதா, தங்கை வந்தாலா? ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகள் பள்ளி முடியும்வரை தம்மை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாசல் தாண்டியதும் வெடிப்பார்கள். ஏற்கெனவே ஏ.டி.எச்.டி.க்கான மெத்தில்ஃபெனிடேட் மருந்து சாப்பிடும் பிள்ளை என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். விரைவில் கரையும் வகையின் பலன் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான் நீடிக்கும். காலை எட்டு மணிக்குப் போட்டது நண்பகலில் இறங்கிவிடும். டீச்சர் பார்ப்பது மருந்துள்ள பிள்ளையை, அம்மா பார்ப்பது மருந்து தீர்ந்த பிள்ளையை.

ஐயம் தீராவிட்டால் வகுப்பில் உட்கார்ந்து எண்ணுவதே வழி. 20 நிமிடத்தை 15 நொடித் துண்டுகளாக்கினால் 80 துண்டு. ஒவ்வொன்றிலும் பிள்ளை வேலையில் இருக்கிறதா இல்லையா என்று ஒரு கோடு. கூடவே அதே வகுப்பில், அதே பாலினத்தில், டீச்சர் 'சாதாரணம்' என்று கருதும் இன்னொரு பிள்ளையையும் எண்ணுங்கள். ஒப்பிட ஆள் இல்லாத எண்ணிக்கையால் பயனில்லை. மொத்த வகுப்பும் சலசலக்கும் வகுப்பாக இருக்கலாம். வெவ்வேறு பாடவேளைகளில், வெவ்வேறு நாள்களில் மூன்று தடவையாவது பாருங்கள். முதல் நாள் எல்லாப் பிள்ளைகளும் விருந்தாளியைப் பார்த்து நல்லபிள்ளையாக இருப்பார்கள்.

விதி எதுவும் பொருந்தாத இடம்

உயிராபத்து, பாலியல் தொல்லை, அடி. இங்கே ஒப்பீடே கிடையாது, ஒரு 'ஆம்' போதும். அமெரிக்காவில் 11 முதல் 17 வயது வரையுள்ள 5137 பேரையும் அவர்களின் பெற்றோரையும் வைத்துச் செய்த ஆய்வு 2019-ல் வெளியானது. தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்ன பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேரின் பெற்றோருக்கு அது தெரியாது. பெற்றோர் உண்டு என்று சொன்ன இடங்களிலும் ஏறத்தாழ பாதிப் பிள்ளைகள் இல்லை என்றார்கள். இரு பக்கமும் மறைகிறது. எனவே "அம்மா அப்படி எதுவுமில்லை என்றார்" என்பது பிள்ளையின் பதிலை ரத்து செய்யாது. பிள்ளையின் மறுப்பு அம்மாவின் கவலையையும் ரத்து செய்யாது.

எஸ்.டி.க்யூ.வில் தற்கொலை பற்றிய கேள்வியே இல்லை. தனியாகக் கேட்டாக வேண்டும். ஆக்கன்பாக் படிவத்தில் தன்னைத் தானே காயப்படுத்துதல், தற்கொலை பற்றிய 18, 91 ஆகிய எண் கேள்விகளை மொத்தம் கூட்டும் முன்பே பாருங்கள், படிவம் கைக்கு வந்த அதே நாளில். இந்தியாவில் பாலியல் வன்முறை பற்றித் தெரியவந்தால் 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். வீட்டாரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்க இடமில்லை. குழந்தைகள் உதவி எண் 1098, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416.

படிவத்திலேயே நேரும் பிழைகள்

முரண்பாடு என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் முன் சரிபார்க்க வேண்டியவை இவை. எஸ்.டி.க்யூ.வில் 7, 11, 14, 21, 25 ஆகிய ஐந்தும் நல்ல விஷயங்களைக் கேட்பவை என்பதால் தலைகீழாக மதிப்பெண் போட வேண்டியவை. அவசரத்தில் நேராகப் போட்டால் சாதுவான பிள்ளைக்குப் பத்து மதிப்பெண் வரை ஏறிவிடும். ஐந்து கேள்விப் பிரிவு ஒன்றில் மூன்றுக்காவது பதில் இருந்தால் விகிதப்படி நிரப்பலாம், அதற்கும் குறைந்தால் அந்தப் பிரிவை விட்டுவிடுங்கள். தமிழ்ப் படிவம் கிடைக்கிறது. எனவே ஆங்கிலத் தாளை வாய்மொழியாக மொழிபெயர்த்துக் கேட்காதீர்கள். கேட்கும் குரலின் தொனியே பதிலைத் தீர்மானித்துவிடும். மேலே சொன்ன வரம்புகள் பிரிட்டிஷ் பிள்ளைகளை வைத்துப் போட்டவை. நம் வகுப்பறையில் அவற்றை வெட்டரிவாள் போல வீச வேண்டாம்.

ஆசிரியர் பிள்ளையை எவ்வளவு நாளாக அறிவார் என்பதையும் எழுதி வாங்குங்கள். ஜூன் மாதம் நிரப்பிய ஆசிரியர் படிவத்துக்குப் பெரும்பாலும் மதிப்பில்லை. பிள்ளையின் படிவத்தை அம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தபடி நிரப்பினால், கையில் இருப்பது அம்மாவின் இரண்டாவது படிவம். தனி அறை, தனி நேரம். ரகசியம் எதுவரை காக்கப்படும் என்பதை நிரப்பும் முன்பே சொல்லிவிடுங்கள். ஒருவர் எழுதியதை மற்றவரிடம் காட்டி "டீச்சர் இப்படிச் சொல்லியிருக்கிறாரே" என்று கேட்பது, அடுத்த தடவை உண்மை வராமல் இருக்கச் சிறந்த வழி. அதற்குப் பதில் எல்லோரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள்: கடைசியாக எப்போது நடந்தது, எங்கே, யார் இருந்தார்கள், அதற்கு முன் என்ன, பிறகு என்ன.

சிகிச்சை தொடங்கும்போது

இங்கே வேறொரு விதமான முரண்பாடு முளைக்கிறது. 2003-ல் 315 குடும்பங்களை வைத்து வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பிள்ளை, பெற்றோர், சிகிச்சையாளர் மூவரும் எந்தப் பிரச்சினைக்காகச் சிகிச்சை என்பதில் ஒன்றில்கூட உடன்படாமல் தொடங்கிய குடும்பங்கள் நான்கில் மூன்று. அம்மா "சொல்பேச்சு கேட்க மாட்டேன் என்கிறாள்" என்கிறார், பிள்ளை "அவர்கள் எந்நேரமும் சண்டை போடுகிறார்கள்" என்கிறது. இருவரையும் ஒரே பட்டியலுக்குள் அடைக்காமல் இரண்டு இலக்குகளாக எழுதிக்கொள்ளுங்கள்: பெற்றோர் தேர்ந்தெடுத்தது ஒன்று, பிள்ளை தேர்ந்தெடுத்தது ஒன்று. பிள்ளையின் இலக்கிலிருந்து தொடங்கினால் அடுத்த வாரமும் வருவதற்கு அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

முன்னேற்றத்தை அளக்கும்போது அதே ஆளிடம், அதே படிவத்தை, அதே கால அளவோடு வாங்குங்கள். எஸ்.டி.க்யூ.வின் தொடர் படிவம் கடந்த ஒரு மாதத்தைத்தான் கேட்கும். தொடக்கத்தில் அம்மா 19, முடிவில் டீச்சர் 8, ஆகவே பதினொரு மதிப்பெண் குறைந்தது என்று எழுதிய கோப்புகள் உண்டு. அம்மாவின் 19-ஐ அம்மாவின் அடுத்த எண்ணோடு மட்டும் கழியுங்கள். டீச்சர் ஏப்ரலில் மாறிவிடுவார் என்பதால், அவருடைய இரண்டாவது படிவத்தை மார்ச்சிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.